கண்ணாடி போடுறவங்க க்ளோஸ்டு பேக் ஹெட்போன் வாங்கப் போனா

ஹெட்போன் எது வாங்கலாம்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கற மொத கேள்வி பட்ஜெட் எவ்ளோங்கறது இல்ல, கண்ணாடி போடுவீங்களாங்கறதுதான். கேட்டதும் ஒரு மாதிரி பாப்பாங்க, பாட்டு கேக்கறதுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்னு. சம்பந்தம் இருக்கு, அதுவும் காத மூடற கப்போட வெளிப்பக்கம் அடைச்சிருக்கற க்ளோஸ்டு பேக் வகைல ரொம்பவே இருக்கு, அத சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன்.

எனக்கு ஏன் க்ளோஸ்டு பேக்னு மொதல்ல சொல்லிடறேன். சென்னைல ஒரு பெட்ரூம் வாடகை வீடு, பாட்டு கேக்க எனக்குன்னு கிடைக்கறது ராத்திரி பத்து மணிக்கு மேலதான், பக்கத்துலயே வீட்டம்மாவும் பாப்பாவும் தூங்கிட்டு இருப்பாங்க. ஓப்பன் பேக்னு ஒரு வகை இருக்கு, கப்போட வெளிப்பக்கம் ஓட்டை ஓட்டையா கிரில் போட்டு சத்தம் ரெண்டு பக்கமும் போற மாதிரி பண்ணியிருப்பாங்க, கேக்க நல்லா விசாலமா இருக்கும், காதும் வேர்க்காது. ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட இருந்து அப்படி ஒண்ண வாங்கிட்டு வந்து ராத்திரி போட்டுக் கேட்டுட்டிருந்தேன், கட்டில்ல இருந்து "ஏங்க, அந்த டிவிய அணைச்சுட்டு படுங்களேன்"னு குரல் வருது. டிவி ஆஃப்ல இருந்துச்சு. அதோட அது அவன்கிட்டயே போயிடுச்சு. ஆக க்ளோஸ்டு பேக்ங்கறது எனக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, வீட்டு நிலவரம்.

சரி கண்ணாடிக்கு வருவோம். ஹெட்போன்ல இருக்கற ட்ரைவர், அதாவது சத்தம் போடற குட்டி ஸ்பீக்கர், காத்த முன்னாடி தள்ளும்போது பின்னாடி இழுக்குது, அதனால முன்பக்கம் வர்ற அலையும் பின்பக்கம் வர்ற அலையும் ஒண்ணுக்கொண்ணு எதிரெதிர். கப்புக்கும் உங்க தலைக்கும் நடுவுல காத்து அடைபட்டு இருந்தாதான் அந்தச் சின்ன ட்ரைவரால பேஸுக்கு, அதாவது டம்முன்னு அடிக்கற கனமான கீழ் சத்தத்துக்கு, வேண்டிய அழுத்தத்த உண்டாக்க முடியும். எங்கயாவது ஒரு இடுக்கு விட்டுச்சுன்னா அழுத்தம் அது வழியா ஓடிடும், மொதல்ல காணாமப் போறது பேஸ்தான். கண்ணாடியோட கை காதுக்கு மேல போற இடத்துல கப்போட விளிம்புல இருக்கற மெத்தைய, அதாவது பேட, தூக்கிப் பிடிச்சுக்கும், அங்க ஒரு கீத்து மாதிரி இடைவெளி விழும். நம்ம கண்ணுக்கே தெரியாது, ஆனா பாட்டுல தெரியும். அடர்த்தியா முடி, காதுல ஜிமிக்கி, ரொம்ப ஒடுக்கமான தாடை, இதெல்லாமும் அதே வேலையப் பண்ணும். ஒரே மாடல வாங்கிட்டு ஒருத்தர் பேஸ் அடிதூள்ங்கறாரு, இன்னொருத்தர் தகரம் மாதிரி இருக்குங்கறாரு, ரெண்டு பேருமே பொய் சொல்லல, ரெண்டு பேர் தலையும் வேற, அவ்ளோதான்.

இத கண்டுபிடிக்க செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. கடையில ஹெட்போன மாட்டிட்டு பேஸ் இருக்கற பாட்டு ஒண்ணப் போட்டு, ரெண்டு உள்ளங்கையாலயும் கப்ப லேசா தலையோட சேத்து அமுக்கிப் பாருங்க. அமுக்கும்போது பேஸ் திடுக்குனு ஏறுச்சுன்னா, அது உங்க தலைல சரியா உக்காரலன்னு அர்த்தம். பெருசா மாற்றம் இல்லன்னா நல்லா உக்காந்திருக்கு. அடுத்து கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு தடவ கேளுங்க, போட்டுட்டு ஒரு தடவ கேளுங்க. கண்ணாடியோட கை மெல்லிசான கம்பியா இருந்தா வித்தியாசம் கம்மியா இருக்கும், இப்ப ஃபேஷனா வர்ற தடி ப்ளாஸ்டிக் ஃப்ரேம்னா நல்லாவே தெரியும். பேடு மெத்துன்னு தடிமனா இருந்தா கண்ணாடிக் கைய சுத்தி மூடிக்கும், விறைப்பான பேடு மூடாது. விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

கடையில என்ன பாட்டு போட்டுக் கேக்கறதுன்னு ஒரு குழப்பம் இருக்கும். கடைக்காரங்க அவங்க போன்ல ஒரு டெமோ ட்ராக் வெச்சிருப்பாங்க, பேஸ் டம்மு டம்முன்னு, அத எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். நான் எடுத்துட்டுப் போனது நமக்குக் காதுல ஊறிப்போன சத்தங்கள். மிருதங்கம் தனி ஆவர்த்தனம் ஒண்ணு: இடது பக்கத் தொப்பில கும்கி, அதாவது கைய அழுத்தித் தேச்சு எழுப்பற அடி, குடுக்கும்போது அந்தச் சத்தம் வளைஞ்சு மேல ஏறணும், வெறும் 'தொம்'னு நின்னுடுச்சுன்னா பேஸ ஊதி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம், வலந்தலைல விழற ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா காதுல விழணும். அடுத்தது நாதஸ்வரம், தவில். ட்ரெபிள், அதாவது கூரான மேல் சத்தம், தூக்கலா இருக்கற செட்டுல நாதஸ்வரத்த ரெண்டு நிமிஷம் கேட்டா போதும், காது கூசும். கோயில்ல நேர்ல கேக்கறப்ப சத்தமா இருக்கும், ஆனா அப்படிக் குத்தாது. மூணாவதா ஒரு பழைய கருப்பு வெள்ளை காலத்துப் பாட்டு. அந்தக் காலத்து ரெக்கார்டிங் எல்லாம் மோனோ, அதாவது ரெண்டு காதுலயும் ஒரே சிக்னல், அதனால பாடறவர் குரல் மண்டைக்கு நட்ட நடுவுல நிக்கணும். இடதோ வலதோ ஒதுங்கி நின்னுச்சுன்னா, ஒண்ணு ட்ரைவர் ரெண்டும் சமமா இல்ல, இல்ல ஒரு பக்கம் பேட் சரியா மூடல. கப்ப அட்ஜஸ்ட் பண்ணி நடுவுக்கு வந்துட்டா பரவால்ல, வரலன்னா அந்த பீஸ வாங்காதீங்க, வேற பீஸ் கேளுங்க. இந்த மோனோ டெஸ்ட்ட யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, பாட்டி காலத்துப் பாட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கு.

இனி மாடல் விஷயம். நான் வயர் வெச்சதுதான்னு முடிவு பண்ணிட்டுத் தேடினேன், ஏன்னு பின்னாடி சொல்றேன். எங்க தேடினாலும் திரும்பத் திரும்ப நாலஞ்சு பேருதான் வரும். ஆடியோ டெக்னிக்கால எம்20எக்ஸ்ல ஆரம்பிச்சு எம்30எக்ஸ், எம்40எக்ஸ், எம்50எக்ஸ்னு ஒரு வரிசை. கடைசில இருக்கற எம்50எக்ஸ் 2014ல வந்தது, அதுல மட்டும் 45 மில்லிமீட்டர் ட்ரைவர், மத்த மூணுலயும் 40. எம்20எக்ஸ் வரிசைலயே விலை கம்மி, வெயிட்டும் 190 கிராம்தான், போட்டதே தெரியாது. ஆனா கேபிள் கப்போட நிரந்தரமா சேந்தது, அதுவும் 3 மீட்டர், கீபோர்டு மிக்ஸர்னு ஸ்டுடியோல உக்காந்து வேலை பாக்கறவங்கள மனசுல வெச்சுப் பண்ணினது. போன்ல சொருகிட்டு கட்டில்ல சாஞ்சா மீதி வயர சுருட்டி வெச்சுக்கவே ஒரு கை வேணும். எம்40எக்ஸ்ல கேபிளக் கழட்டலாம், கப்பும் திரும்பும், மடக்கலாம். சோனியோட எம்டிஆர்-7506 இருக்கே, அது 1991ல வந்தது, இன்னிக்கும் புதுசா விக்குது, டிவி சேனல், டப்பிங் தியேட்டர்னு எங்க போனாலும் யார் தலைலயாவது அந்த நீலக் கோடு தெரியும். குரல் அதுல அவ்ளோ தெளிவா வரும், ட்ரெபிள் கொஞ்சம் தூக்கல், கேபிள் சுருள் சுருளா இருக்கும். சென்ஹைசர் ஹெச்டி 280 ப்ரோ நல்லா இறுக்கிப் பிடிக்கும், வெளிச்சத்தத்த அதிகபட்சம் 32 டெசிபல் வரைக்கும் தடுக்கும்னு கம்பெனியே போட்டிருக்கான். அந்த இறுக்கம்தான் அதோட பலமும் பலவீனமும். என் மாதிரி கண்ணாடிக்காரனுக்கு அரை மணில காதுக்கு மேல வலிக்க ஆரம்பிச்சுது. இதெல்லாம் வேணாம், ஆயிரம் ரூபாதான் இருக்குன்னா சோனி இசட்எக்ஸ்110 மாதிரி காது மேல உக்கார்ற டைப் கிடைக்கும், காத சுத்தி மூடாது, அதனால வெளிச்சத்தம் உள்ள வரும், உள்சத்தமும் வெளிய கேக்கும், அது தெரிஞ்சு வாங்கினா அந்த விலைக்குப் பழுதில்ல.

நான் எடுத்தது எம்40எக்ஸ். அதுதான் சிறந்ததுன்னு சொல்ல வரல, என் தலைல கண்ணாடியோட அமுக்கிப் பாத்தப்ப கொஞ்சமாத்தான் மாறுச்சு, கேபிளும் கழட்ட முடியுது, அந்த ரெண்டு காரணம்தான். என் காது கொஞ்சம் பெருசு, உள்ள லேசா தொடும், பழகிடுச்சு.

பெட்டி மேல போட்டிருக்கற நம்பருங்களப் பத்தி ரெண்டு வார்த்தை. 50 மில்லிமீட்டர் ட்ரைவர்னா 40ஐ விட நல்லதுன்னு ஒண்ணும் கிடையாது. 5 ஹெர்ட்ஸ்ல இருந்து 40,000 வரைக்கும் வரும்னு போட்டிருந்தா அதையும் விட்டுத் தள்ளுங்க, மனுஷக் காதே மிஞ்சிப் போனா 20,000 வரைக்கும்தான், வயசாக ஆக அதுவும் குறையும். பாக்க வேண்டியது ஓம் (கரண்ட எவ்ளோ எதிர்க்குதுங்கற அளவு) எவ்ளோ, சென்சிடிவிட்டி (அதே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்கறது, டெசிபல்ல போட்டிருப்பாங்க) எவ்ளோ, இந்த ரெண்டையும் சேத்துப் பாக்கணும். ஓம் ஜாஸ்தின்னா சத்தம் கம்மியா வரும்னு பலபேரு நினைக்கறாங்க. எம்20எக்ஸ் 47 ஓம், 96 டெசிபல். 7506 வந்து 63 ஓம், 106 டெசிபல். ஓம் கூட இருந்தாலும் அதே போன்ல அதே வால்யூம்ல 7506தான் சத்தமா கேக்கும். ஆனா பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோல 32, 80, 250னு மூணு ஓம்ல கிடைக்குது, போனுக்குன்னா அந்த 250 பக்கம் போகாதீங்க, அதுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் வாங்கற செலவு வந்து நிக்கும்.

இப்ப வர்ற பாதி போன்ல 3.5 ஜாக்கே கிடையாது, சார்ஜர் சொருகற ஓட்டைல மாட்டற யூஎஸ்பி-சி டாங்கிள்ங்கற குட்டி அடாப்டர் வாங்கணும். இதுல ஒரு உள்குத்து இருக்கு. சில டாங்கிள் வெறும் வயர் மட்டும்தான், போனுக்குள்ளயே இருக்கற சர்க்யூட்ல இருந்து அனலாக் சிக்னல வெளிய கொண்டு வரும், உங்க போன் அத சப்போர்ட் பண்ணலன்னா சத்தமே வராது. இன்னொரு வகைக்குள்ள டிஜிட்டல் சிக்னல அனலாக்கா மாத்தற குட்டி டாக் (DAC) சிப் இருக்கும், அது ஏறக்குறைய எல்லாத்துலயும் ஓடும். வாங்கறப்ப 'டாக் இருக்கா'ன்னு கேட்டு, அங்கயே உங்க போன்ல சொருகிப் பாத்துட்டு காசு குடுங்க.

கேபிள் கழட்டற மாதிரி வேணும்னு நான் பிடிவாதமா இருந்ததுக்குக் காரணம் இதுக்கு முன்னாடி வெச்சிருந்த ஒண்ணு, பேரு வேணாம். நல்லாத்தான் பாடிட்டிருந்துச்சு, ஜாக்குக்குப் பக்கத்துல வயர் மடங்கி மடங்கி ஒரு நாள் வலது காது செத்துப் போச்சு. ஜாக்க விரல்ல பிடிச்சு ஒரு கோணத்துல வெச்சா வரும், விட்டா போயிடும். எங்க ஏரியால ரேடியோ, டேப்ரிக்கார்டர் காலத்துல இருந்து கடை வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கொண்டு போனேன். வயர வெட்டி உரிச்சுப் பாத்தா உள்ள முடி மாதிரி மெல்லிசா செம்புக் கம்பி, ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை, ஒண்ணு வெறும் செம்பு நிறம். நான் வீட்டுல ஈயம் வெச்சுப் பாத்தேன், ஒட்டவே இல்லண்ணேன்னேன். சிரிச்சாரு. "தம்பி, இந்தக் கலர் இருக்கே இது பெயிண்டு இல்ல, எனாமல். இத எரிக்காம ஈயம் எப்படிப் பிடிக்கும்"னு சொல்லிட்டு, லைட்டர எடுத்து ஒரு நொடி காட்டி, நகத்தால சுரண்டி, ஈயம் ஒட்டறதுக்கு வெக்கற பசை ஃப்ளக்ஸ்ல முக்கி, ஈயத்த வெச்சாரு, பளபளன்னு பிடிச்சுது. உள்ள நூல் மாதிரி நைலான் இழை ஓடும், வயர் அறுபடாம இருக்கறதுக்கு, அத மொதல்ல வெட்டி எடுத்துடணும், இல்லன்னா அது உருகி சால்டருக்குள்ள கலந்துடும். நல்ல ஜாக் ஒண்ணு போட்டு, சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கற ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, செலவு ஒரு பிரியாணி விலைகூட ஆகல. செவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறம் பொது, இதுதான் வழக்கம், ஆனா எல்லாக் கம்பெனியும் அப்படி வைக்கறதில்ல, மல்டிமீட்டர் வெச்சுப் பாத்துட்டு ஒட்டறது நல்லது. ஆக கேபிள் ஃபிக்ஸடா இருக்கறது செத்துப்போற விஷயம் இல்ல, ஆனா கழட்டற மாதிரி இருந்தா இந்த அலைச்சலே மிச்சம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, எம்40எக்ஸ்ல சாதாரண 3.5 கேபிள் கப்புக்குள்ள போகாது, 2.5 ஜாக்க சொருகி திருப்பி லாக் பண்ற மாதிரி, அதுக்குன்னு இருக்கறததான் வாங்கணும்.

பேடு. நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் இதுதான் மொதல்ல போற பார்ட்டு. லெதர்னு சொல்றது பெரும்பாலும் லெதர் இல்ல, துணி மேல பாலியுரித்தேன் பூச்சு, ஈரமும் வேர்வை எண்ணெயும் பட்டுப் பட்டு அது உடைஞ்சு உரியும். அந்தப் பழைய ஹெட்போன்ல காலைல கண்ணாடி முன்னாடி நின்னா காதச் சுத்தி கருப்பா துணுக்கு துணுக்கா ஒட்டியிருக்கும், ஆபீஸ்ல ஒரு அக்கா பாத்துட்டு "தலைக்கு டை அடிச்சியாப்பா"ன்னு கேட்டாங்க. உரிஞ்ச பேட்ல அழகு மட்டும் போகாது, காத்து கசியும், நான் முன்னாடி சொன்ன அதே கதைதான், பேஸ் போயிடும். ஹெட்போனே பழசாயிடுச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கப் போறவங்கள பாத்திருக்கேன், பேட மாத்துங்க போதும். அதனால வாங்கறதுக்கு முன்னாடியே அந்த மாடலுக்கு மாத்து பேடு சுலபமா கிடைக்குதான்னு தேடிப் பாத்துடுங்க. 7506, எம் வரிசை ரெண்டுக்கும் வேற கம்பெனி பேடு நிறையவே கிடைக்கும். மாட்டறதுதான் கொஞ்சம் பொறுமை கேக்கும்: பேடோட பின்னாடி மெல்லிசா ஒரு மடிப்பு இருக்கும், அத கப்போட விளிம்புல இருக்கற பள்ளத்துல ஒரு முனைல மாட்டிட்டு, மெதுவா சுத்தி சுத்தி உள்ள தள்ளிட்டே வரணும், அவசரப்பட்டு இழுத்தா அந்த மடிப்பு கிழிஞ்சுடும். மெத்துன்னு இருக்கும்னு ரொம்பத் தடிமனா வாங்கினா காதுக்கும் ட்ரைவருக்கும் தூரம் கூடி சத்தமே மாறிடும், அதையும் பாத்துக்கோங்க. வெல்வெட் மாதிரி துணி பேடு போட்டா காது குளிர்ச்சியா இருக்கும், ஆனா துணி வழியா காத்து போகுமில்ல, எம் வரிசை மாதிரி லெதர் பேடுக்குன்னு ட்யூன் பண்ணினதுல போட்டா பேஸும் சத்தத் தடுப்பும் கொஞ்சம் குறையும். டிடி 770 ப்ரோ 80, 250 ஓம்ல கம்பெனியே அந்த மாதிரி பேடுதான் போட்டுத் தர்றான், அதுக்கேத்த மாதிரி பண்ணியிருக்கான்.

சித்திரை வைகாசில ஏசி இல்லாத ரூம்ல எந்த க்ளோஸ்டு பேக்கா இருந்தாலும் அரை மணிக்கு மேல கஷ்டம்தான், அதுக்கு வழியே இல்ல. கழட்டும்போதெல்லாம் உலர்ந்த காட்டன் துணியால பேட துடைச்சுட்டு வைங்க, பைக்ல, கார் டேஷ்போர்டுல வெயில்ல போட்டு வைக்காதீங்க.

ப்ளூடூத்த நான் ஏன் ஒதுக்கினேன்னா, பேட்டரி போச்சுன்னா அதுல பாதிக்கு மேல தூக்கிப் போட வேண்டியதுதான், அந்த அண்ணனால கூட ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா உங்க உபயோகம் முக்கால்வாசி பஸ்லயும் எலக்ட்ரிக் ட்ரெயின்லயும்தான்னா நான் சொன்ன மாடல் எதையும் வாங்காதீங்க, ஏஎன்சி, அதாவது வெளிச்சத்தத்த எதிர் அலை போட்டு அமுக்கற வசதி, இருக்கற ப்ளூடூத்துக்குப் போங்க. க்ளோஸ்டு பேக் வெறும் பேடால தடுக்கறது மேல் சத்தங்களத்தான், பேச்சு, ஹார்ன், மிக்ஸி சத்தம் குறையும். பஸ் இன்ஜினோட 'ம்ம்ம்'ங்கற அடித்தொண்டை சத்தத்த அதால பெருசா தடுக்க முடியாது, அது ஏஎன்சியோட வேலை. தண்டவாளம் தாண்டும்போது எதுவா இருந்தாலும் கழட்டி கழுத்துல போட்டுக்கோங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

வெளிச்சத்தம் குறைஞ்சா வால்யூமையும் கம்மியா வைக்கலாம், இதுதான் க்ளோஸ்டு பேக்கோட பெரிய லாபமா நான் நினைக்கறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏத்தினா நேரம் பாதியாகணும், 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. ஃபேன் சத்தத்த அமுக்க வால்யூம ரெண்டு புள்ளி ஏத்தறோமே, அது இதுலதான் போய் முடியும்.

பேஸ், ட்ரெபிள ஏத்தி இறக்கற ஈக்யூ பத்தியும் கேப்பீங்க. ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப் இருக்கு, உங்க மாடல் பேரத் தேர்ந்தெடுத்தா அதுக்கு ஏற்கெனவே அளந்து வெச்ச திருத்தத்த அதுவே போட்டுடும், விண்டோஸ் கம்ப்யூட்டர்னா ஈக்வலைசர் ஏபிஓ, அது காசே கிடையாது. ட்ரெபிள் குத்துதுன்னா ஒரு மூணு நாலு டெசிபல் குறைச்சா போதும், ஹெட்போனையே மாத்த வேணாம். ஆனா கண்ணாடி இடுக்குல கசியற பேஸ ஈக்யூ வெச்சு இழுத்துக் கொண்டுவரப் பாக்காதீங்க, ட்ரைவர் திணறி பர்ருன்னு அடிக்கும், கசிவு அப்படியேதான் இருக்கும்.

அக்கா பையன் பன்னண்டாவது படிக்கறான், "மாமா, கேமிங் ஹெட்செட் வாங்கித் தா, லைட்டெல்லாம் எரியும்"னு ஒரே நச்சரிப்பு. அவனுக்கும் சோடாபுட்டி கண்ணாடி. கடைக்குக் கூட்டிட்டுப் போய் அவன் கேட்ட லைட்டு எரியற ஹெட்செட்டையும் ஒரு எம்20எக்ஸையும் மாத்தி மாத்தி மாட்டி, கப்ப அமுக்கிப் பாக்க சொன்னேன். எம்20எக்ஸ கைல எடுத்துட்டு, மைக் இல்லையே மாமாங்கறான். சட்டைல குத்திக்கற காலர் மைக் ஒண்ணு தனியா வாங்கிக் குடுத்துட்டேன், அந்த 3 மீட்டர் கேபிள் டேபிளுக்கு அடில இருக்கற சிபியூவுக்கு அவனுக்கு சரியா எட்டுது.